பிள்ளை பிடிகாரனுக்கும் ஒரு பிடி சோறு

எங்கட வீட்டில் இப்போது 'நானே' ஆட்சி நடக்கிறது. மகளுக்கு இரண்டரை வயது. பல்லு மினுக்குவது நானே, படலை திறப்பது நானே, செருப்புப் போடுவதும் நானே. இடது கால் செருப்பை வலது காலில் கொழுவிக்கொண்டு, அது சரியாகத்தான் இருக்கிறது என்று நிற்பாள். நாங்கள் குனிந்து மாற்றிவிட்டால் முடிந்தது கதை. இரண்டையும் கழற்றி எறிந்து, நிலத்தில் விழுந்து படுத்து, அயலைக் கூட்டி, பிறகு எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். எங்களில் ஒராள் ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் படிப்பிக்க வெளிக்கிட வேண்டும். மற்றாள் ஏழே முக்காலுக்கு ரவுணில் வேலைக்கு. இந்த மணிக்கணக்கெல்லாம் செருப்புக்குத் தெரியாது.

வீட்டில் மூன்று அடிக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை. ரிமோட் அலுமாரிக்கு மேலே. சவர்க்காரம் யன்னலின் மேல்தட்டில். கலியாணத்துக்கு வந்த கண்ணாடிக் கிளாஸ் ஆறில் இரண்டு மிச்சம். ஒரு கிழமையாகத் தேடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் திறப்பு அரிசி வாளிக்குள் கிடந்தது. 'ஆர் போட்டது?' என்று கேட்டால், 'பூனை' என்கிறாள். எங்கள் வீட்டில் பூனை இல்லை.

ஆனால் இந்தக் குழப்படிக்கு நடுவில் இருக்கும் சந்தோசத்தை என்னவென்று சொல்வது? அவளுக்குக் காலம் இரண்டே சொல்தான். முடிந்தது எல்லாம் 'நேற்று'. மதியம் சாப்பிட்ட இடியப்பமும் நேற்று, போன வருசம் பார்த்த தேரும் நேற்று. 'நாளைக்கு' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். அதை நாங்கள்தான் பழக்கினோம். ஐஸ்கிறீம் கேட்டால் நாளைக்கு, கடற்கரை கேட்டால் நாளைக்கு. இப்போது குளிக்க வார்க்கக் கூப்பிட்டால் எங்களை நிமிர்ந்து பார்த்து, பெரிய மனுசி மாதிரி, 'நாளைக்கு' என்கிறாள்.

ஒழுங்கை முடிவில் இருக்கும் கடைக்கு எங்கள் நடையில் ஐந்து நிமிசம். அவளோடு போனால் முக்கால் மணித்தியாலம். வேலியில் ஓடும் ஓணானுக்கு ஒரு நிறுத்தம், ஆட்டுக்குட்டிக்கு ஒரு நிறுத்தம், எறும்பு வரிசைக்கு மட்டும் பத்து நிமிசம். பிறந்து வளர்ந்த ஒழுங்கையில் அத்தனை எறும்புப் புற்று இருப்பது எங்களுக்கு இப்போதுதான் தெரியும்.

பெரிய சண்டை சாப்பாட்டில்தான். பருப்பும் சோறும் குழைத்து, கொஞ்சம் நெய் விட்டு, கோப்பையோடு முற்றத்துக்குப் போனால் முதல் மூன்று வாய் போகும். நாலாவதுக்கு உதடு இறுகும். அந்த நேரத்தில் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் ஒவ்வொரு வைத்தியம் இருக்கும். காகத்தைக் காட்டச் சொல்வார்கள். நிலாவைக் காட்டச் சொல்வார்கள். ஃபோனைக் குடுங்கோ, தன்ர பாட்டில சாப்பிடும் என்பார்கள். எல்லாம் தோற்றால் கடைசி ஆயுதம் ஒன்று இருக்கிறது: 'சாப்பிடாட்டில் பிள்ளை பிடிகாரன் வருவான்!'

இந்த ஆயுதத்துக்கு எங்கள் ஊரில் எத்தனை உருவம்! டொக்டர் வந்து ஊசி போடுவார். பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகும். ஆமி வரும். கிணத்துக்குள்ள பேய் இருக்கு. எங்கள் வயதுக்காரர் பலர் சோற்றோடு சேர்த்து விழுங்கி வளர்ந்தது இதைத்தான். நாங்களும் விழுங்கினோம்.

மகள் பிறந்த பிறகு இரண்டு பேரும் இருந்து கதைத்து ஒரு முடிவு எடுத்தோம். மற்றது எப்படிப் போனாலும், பயம் காட்டி ஒரு வாய் சோறும் தீத்துவதில்லை. இதற்கு ஒரு சின்னக் காரணமும் ஒரு பெரிய காரணமும் இருந்தன.

சின்னக் காரணம் ஊசி. ஒன்றரை வயதில் ஊசி போட கிளினிக்குக்குப் போனபோது, பக்கத்தில் ஒரு பெடியன் வாசலிலேயே அலறத் தொடங்கினான். வீட்டில் தினமும் டொக்டரைக் காட்டி வெருட்டுகிறோம் என்று தாயே சொன்னார். வெள்ளைச் சட்டையைக் கண்டாலே பிள்ளை விறைத்துப்போகிறான். மூன்று வயதில் அடுத்த ஊசி இருக்கிறது. காய்ச்சல் வந்தால் வாயைத் திறந்து காட்ட வேண்டும். உதவி செய்ய இருக்கிற ஆளையே பேயாக்கிவிட்டு, பிறகு அந்தப் பேயிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எப்படி?

பெரிய காரணம், இந்த நாட்டில் பிள்ளை பிடிகாரன் என்பது கதையில் மட்டும் இருந்த ஆள் இல்லை. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் றோட்டோரம் இருக்கிற அம்மாக்களைத் தாண்டித்தான் நாங்கள் வேலைக்குப் போயிருக்கிறோம். அந்தச் சொல்லைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

முடிவெடுப்பது லேசு. பயத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? நேரத்தைத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. பயம் காட்டினால் இரண்டு நிமிசத்தில் கோப்பை காலி. காட்டாவிட்டால் முக்கால் மணித்தியாலம். 'குளிக்க வா' என்று ஒருதரம் வெருட்டினால் வருகிற பிள்ளையிடம், 'இன்னும் ரெண்டு தரம் ஊஞ்சல், பிறகு குளிப்பம்' என்று முன்கூட்டியே சொல்லி, ஒன்று இரண்டு எண்ணி, அதற்குப் பிறகும் அழுதால் பக்கத்தில் குந்தியிருக்க வேண்டும். ஆசையை அடக்கி நிற்க உதவும் மூளைப்பகுதி இந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது முழுதாய் முதிர இருபது வயது தாண்டும். இரண்டரை வயதில் அவள் எங்களோடு போட்டிக்கு நிற்கவில்லை. அவளுக்கு ஏலாது, அவ்வளவுதான். இதைத் தெரிந்து வைத்திருப்பது பின்னேரம் ஆறு மணிக்குக் கொஞ்சம் உதவும். முழுதாக உதவும் என்று பொய் சொல்ல மாட்டோம்.

அந்த நேரம் எங்கிருந்து வரும்? இலங்கையில் அரச வேலை பார்க்கிற தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் பிரசவ லீவு. அதற்குப் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமே இல்லாமல் இன்னொரு 84 நாள் எடுக்கலாம். அரச வேலையில் இருக்கிற தகப்பனுக்கு மூன்று நாள். தனியார் வேலையில் தகப்பனுக்கு லீவு குடுக்கத்தான் வேண்டும் என்று சட்டமே இல்லை. எங்களில் தனியாரில் வேலை செய்கிற ஆள் பிள்ளை பிறந்த கிழமை எடுத்தது வருடாந்த லீவில் ஐந்து நாள். ஆறாம் நாள் கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் இருந்தார்.

ஆட்களின் பார்வையும் இந்தச் சட்டத்தைப் போலத்தான். அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனால், வரிசையில் இருக்கிறவை கேட்பது, 'அம்மாவுக்குச் சுகமில்லையோ?' அப்பா பம்பஸ் மாற்றினால், 'என்ன மாதிரி உதவி செய்யிற மனுசன்!' அதையே அம்மா ஒரு நாளைக்கு ஆறு தரம் செய்தால் கண்டுகொள்ள ஒருவரும் இல்லை. பிள்ளை கடையில் விழுந்து புரண்டு அழுதால் மட்டும் எல்லாரும் அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரு பிள்ளையைப் பொறுமையாக வளர்ப்பது ஒராளின் குணத்தில் மட்டும் தங்கியில்லை. அந்த முக்கால் மணித்தியாலத்தை இரண்டாகப் பிரித்து எடுக்க இன்னொராள் வேண்டும். எங்கட வீட்டில் காலைச் சாப்பாடு ஒராள், இரவுச் சாப்பாடு மற்றாள். ஒராளுக்குக் குரல் ஏறத் தொடங்கினால் மற்றாள் எழும்பி வந்து கோப்பையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏன், எதுக்கு என்ற கேள்வி அந்த நேரத்தில் இல்லை.

பகலில் அவளைப் பார்ப்பது அம்மம்மா. எங்களில் ஒராளுக்கு அம்மா, மற்றாளுக்கு மாமி. எங்கட முடிவைச் சொன்னபோது அவ சிரித்தா. 'உங்களை வெருட்டித்தானே வளர்த்தனாங்கள். இப்ப என்ன குறைஞ்சு போச்சு?'

அந்தக் கேள்விக்குக் கோபமில்லாமல் பதில் சொல்ல வேண்டுமென்றால் 1995க்குப் போக வேண்டும். ஒக்டோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டு, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போன நாள். எங்களில் ஒராளுக்கு அப்போது, இன்றைக்கு மகளுக்கு இருக்கிற அதே இரண்டரை வயது. மழை. அடி வைக்க இடமில்லாத சனம். அதற்குள் இடுப்பில் இருந்த பிள்ளை, 'இறக்கி விடு, நான் நடக்கப்போறன்' என்று உதைத்து அழுததாம். நானே ஆட்சி அன்றைக்கும் இருந்திருக்கிறது. 'இறக்கி விட்டா அந்தச் சனத்துக்குள்ள பிள்ளையை எங்க தேடுறது?' என்று அம்மம்மா இப்பவும் கேட்பா. அவ பிள்ளையின் காதுக்குள் சொன்னது மூன்றே சொல்: 'பொம்பர் வருது, பேசாத.' பிள்ளை அமர்ந்துவிட்டது. சாவகச்சேரி போய்ச் சேரும்வரை சத்தமில்லை. அதற்குப் பிறகும் மூன்று நாள் கதைக்கவில்லை என்று அவ சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்.

அந்த நேரத்தில் பயம்தான் பிள்ளையைக் காப்பாற்றியது. சத்தம் கேட்டதும் கேள்வி கேட்காமல் பங்கருக்குள் ஓடுகிற பிள்ளைதான் தப்பும். கெலி, சகடை, பொம்பர் என்று சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்லப் பழகிய பிள்ளைகள் நாங்கள். இரண்டு நிமிசத்துக்கு மேல் அந்தத் தாய்மாருக்கு ஒருவரும் தரவில்லை. அவர்களைப் பார்த்து 'நீங்கள் பிழையாக வளர்த்தீர்கள்' என்று சொல்ல எங்களுக்கு என்ன தகுதி?

ஆனால் அந்தச் சத்தம் இப்போது வேறு. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இடையில் கொரோனாவோடு நின்று, 2022 டிசெம்பரில் சென்னை விமானம் திரும்ப வரத் தொடங்கியது. விமானம் இறங்கும் நேரம் சத்தம் கேட்டால் மகள் எதைப் போட்டுவிட்டும் முற்றத்துக்கு ஓடுவாள். அண்ணாந்து பார்த்து இரண்டு கையையும் ஆட்டி, 'பிளேன்! டாட்டா!' என்று கத்துவாள். அம்மம்மாவும் ஓடுவா, பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு வர. ஆறு மாதத்துக்கு முதல்வரை அப்படித்தான். தான் ஏன் ஓடுகிறேன் என்று தனக்கே தெரியாது, கால் தன்ர பாட்டில போகுது என்பா. இப்போது ஓடி வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறா. கை ஆட்ட மாட்டா. பிள்ளையின் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, விமானம் மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பா.

பிள்ளை பிடிகாரனை அவ முழுதாக விடவில்லை. போன மாதம் ஒரு மத்தியானம், பூசணிக்காய்க் கறியோடு சோறு பாதியில் நின்றபோது, பழக்கதோசத்தில் வாயில் வந்துவிட்டதாம்: 'வடிவாச் சாப்பிடு குஞ்சு, இல்லாட்டி பிள்ளை பிடிகாரன் வருவான்.' மகள் படலைப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறாள். பிறகு அம்மம்மாவிடம் கேட்டாளாம், 'அவர் சாப்பிட்டவரோ?'

அம்மம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 'இல்லை' என்றிருக்கிறா. மகள் கோப்பையில் இருந்து ஒரு பிடி சோற்றை அள்ளி, படலைக்குப் போய், வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாளாம், அவர் வந்து வாங்கட்டும் என்று. பின்னேரம் வேலையால் வந்த எங்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அம்மம்மா கண்ணீர் வரச் சிரித்தா. 'இவளை வெருட்ட ஏலாது பிள்ளையள். வாறவனுக்கும் சேத்து இனி நான்தான் சமைக்க வேணும்.'

வெருட்டாமல் வளர்த்தால் பிள்ளைக்கு ஆபத்துத் தெரியாமல் போய்விடாதோ என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கட வளவில் கிணறு இருக்கிறது, கட்டு உயரமில்லை. அதற்குள் பேய் இருக்கிறதென்று நாங்கள் சொல்லவில்லை. வாயை வலை போட்டு மூடியிருக்கிறோம். கிழமைக்கு ஒருதரம் அவளைத் தூக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே காட்டுகிறோம். ஆழத்தைக் காட்டுகிறோம். ஒரு சின்னக் கல்லைப் போட்டு, அது தண்ணியில் விழும் சத்தம் வருமட்டும் காத்திருக்கிறோம். 'தனிய வரக்கூடாது. அப்பாவோட, அம்மாவோட, அம்மம்மாவோட மட்டும்' என்று அவளே இப்போது சொல்கிறாள். பேய் இருக்கிறதென்று நம்புகிற பிள்ளை, பேய் இல்லையென்று தெரிகிற நாளில் கிணற்றடிக்குத் தனியப் போய்ப் பார்க்கும். கிணறு ஆழம் என்பது எந்த வயதிலும் உண்மைதான்.

வேலையை விட்டு வந்து கோப்பையோடு முற்றத்தில் நிற்கிற எல்லா அப்பா அம்மாவுக்கும் தெரியும், எங்களுக்கும் நாலாவது வாய் இன்னும் சண்டைதான். ஆனால் எங்கட மகள் இதுவரை படலைப் பக்கம் பார்த்துப் பயந்ததில்லை. அந்தப் பக்கம் யாராவது வந்தால், சாப்பிட்டாச்சோ என்று கேட்கிறாள்.