நிபந்தனையோடு வந்த பணம்

புகிஸ் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து விக்டோரியா தெருவில் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். 16 மாடி, எங்கும் கண்ணாடி. இரண்டு கட்டடங்கள், நடுவே காற்று புகுந்து போகும் முற்றம், உயரத்தில் இரண்டையும் இணைக்கும் பாலங்கள். மலேசியக் கட்டடக் கலைஞர் கென் யியாங் வடிவமைத்தது. ஏதோ வங்கியின் தலைமையகம் என்று தோன்றும் இதுதான் சிங்கப்பூரின் தேசிய நூலகம். மேல் மாடிகளில் இருக்கும் ஆய்வு நூலகத்துக்கு லீ கோங் சியான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

யார் இவர்? சீனத்தின் ஃபூஜியன் பகுதியில் பிறந்து, சிறுவனாகச் சிங்கப்பூர் வந்து, ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும் பணம் சேர்த்தவர். 1953இல் நூலகம் கட்ட 3,75,000 வெள்ளி (டாலர்) தர முன்வந்தார். அதுவரை ஊரின் பெரிய நூலகம் ராபிள்ஸ் நூலகம். அதன் வேர் 1845இல் சந்தாதாரர்களுக்கென்று தொடங்கிய நூலகத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்களும் ஆங்கிலம் படித்த சிலரும் காசு கட்டி ஆங்கிலப் புத்தகம் எடுத்துப் போகும் இடம். லீ போட்ட நிபந்தனைகள் அந்த வழக்கத்தின் அடிமடியிலேயே கை வைத்தன: நூலகம் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், உள்ளூர் மக்களின் மொழி நூல்களுக்கும் இடம் வேண்டும்.

கட்டி முடிக்க ஆன செலவில் அவர் பணம் ஒரு பகுதிதான். மீதியை அரசு போட்டது. ஆனால் என்னைக் கேட்டால், தொகையைவிட நிபந்தனைதான் பெரிய கொடை. கொடையாளிகள் பொதுவாகக் கல்வெட்டில் பெயர் கேட்பார்கள். இவர் கேட்டது வேறு.

1957இல் அவரே அடிக்கல் நாட்ட, 1960 நவம்பர் 12 அன்று ஸ்டாம்ஃபர்ட் சாலையில் செங்கல் கட்டடம் திறந்தது. அக்கம்பக்கத்து வெள்ளைக் கட்டடங்களோடு ஒட்டவில்லை என்று அன்று முகம் சுளித்தார்கள். பிறகு அதையே இடிக்கப் போகிறார்கள் என்றதும் ஊரே பதறியது. இப்போதைய நூலகத்தின் 9ஆம் மாடியில், தமிழ் நூல்களுக்குப் பக்கத்தில் தமிழ் முரசு நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அந்தப் பழைய கட்டடத்தைப் பற்றிக் கேட்டேன்.

“உள்ள போறதுக்குக் காசு இல்ல தம்பி. வெளிய ராத்திரி வரைக்கும் வெக்கை, உள்ள ஃபேன். அதுக்காகவே போவோம். போனா படிக்காம இருக்க முடியுமா?”

“இடிச்சப்ப வருத்தமா இருந்துச்சா ஐயா?”

“வருத்தம்தான். என்ன பண்றது, ரோடு வேணும்னுட்டாங்க.”

ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காக 2004இல் நூலகத்தை மூடி இடித்தார்கள். அந்தச் சுரங்கத்தைக் கடக்க காருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பழைய செங்கற்கள் கொஞ்சத்தை எடுத்துவந்து புதிய கட்டடத்தில் ஒரு சுவராக வைத்தார்கள்.

புதிய கட்டடத்துக்கு லீ அறக்கட்டளை 2003இல் கொடுத்தது 6 கோடி வெள்ளி. அன்றாடச் செலவைப் பெரும்பாலும் அரசு மானியம் தாங்குகிறது. 2005 நவம்பர் 12 அன்று, பழைய கட்டடம் திறந்த அதே தேதியில், அதிகாரபூர்வமாகத் திறந்துவைத்தவர் அன்றைய அதிபர் எஸ்.ஆர். நாதன், ஒரு தமிழர்.

அங்கே கணினியில் ‘சிங்கை நேசன்’ இதழைத் திறந்து பார்த்தேன். மக்தூம் சாயபு 1887இல் விக்டோரியா ராணியின் பொன்விழாவை ஒட்டித் தொடங்கிய தமிழ் வார இதழ். ராபிள்ஸ் நூலகம் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபோனதும் அதே ஆண்டுதான். அந்த இதழின் பக்கங்களை இன்று நூலகமே மின்வடிவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. பழைய பத்திரிகை தேடி மூர்மார்க்கெட் பக்கம் அலையும் சென்னை நண்பருக்குச் சுட்டியை அனுப்பினேன். “சந்தா எவ்வளவு?” என்று உடனே பதில் வந்தது.