‘ஆம்’ என்னும் விடையும் அரைக் கிலோ கத்தரிக்காயும்

ஹைதராபாதில், கச்சிபௌலியை அடுத்த ஒரு குடியிருப்பில் ஆய்வு மாணவியர் மூவர் சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்திருந்தனர். அவர்களுள் ஒருத்தி மொழியியல் ஆய்வாளர். சென்ற ஆண்டு எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவளுடைய ஹீமோகுளோபின் 8.9 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவர், “கீரையும் பருப்பும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், சாப்பாட்டோடு தேநீர் குடிக்காதீர்கள்” என்று சொல்லி அனுப்பினார்.

அறிவுரை எளிது, கைப்பணம்தான் போதவில்லை. நெட் தகுதியில்லாத ஆய்வாளர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் கிடைக்கும் மாதம் 8,000 ரூபாயும், இடையிடையே வரும் மொழிபெயர்ப்பு வேலையுமே அவளுடைய வருமானம். ஆயினும் உடல்நலம் குறித்த அச்சம் கணக்குப் பார்க்கவிடவில்லை. கைபேசிச் செயலியில் ‘ஆர்கானிக்’ என்று அச்சிட்ட பொட்டலங்களாகத் தேடித் தேடி வாங்கினாள். முதல் மாதச் செலவு 3,140 ரூபாய். நெகிழிப் பையில் வந்த கீரை இரண்டாம் நாளே அழுகியது. பாதிக்கும் மேல் குப்பைக்குப் போயிற்று. அடுத்த மாதம் உதவித்தொகை தாமதமானது. செயலியை நீக்கிவிட்டு, மெஹ்திப்பட்டணம் ரைத்து பஜாருக்குப் பேருந்து ஏறினாள்.

ரைத்து பஜார் என்பது உழவர் சந்தைதான். ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 1999 ஜனவரி 26 அன்று இத்திட்டம் தொடங்கிற்று. தமிழ்நாட்டின் உழவர் சந்தை அதே ஆண்டு நவம்பரில் மதுரையில் பிறந்தது. அடையாள அட்டை பெற்ற உழவர் இடைத்தரகர் இல்லாமல் விற்க வேண்டும், மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடைப்பட்ட ஒரு விலை அன்றன்று பலகையில் எழுதப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை.

முதல் நாள் அவள் கடை கடையாக ஒரே கேள்வியைக் கேட்டாள்: “இது ஆர்கானிக்கா?” பதினொரு கடைகளிலும் ஒரே விடை கிடைத்தது: “ஆம்.” கறிவேப்பிலையும் ஆர்கானிக், காலிபிளவரும் ஆர்கானிக். நிறைந்த பையோடு திரும்பும்போது பேருந்தில்தான் அவளுக்கு உறைத்தது. களப்பணிக்குப் புறப்படும் மொழியியல் மாணவருக்கு முதலில் சொல்லித் தரப்படும் எச்சரிக்கையையே அவள் மறந்திருந்தாள். ‘உங்கள் மொழியில் இப்படிச் சொல்லலாமா?’ என்று நேராகக் கேட்டால், பேசுபவர் பெரும்பாலும் ‘சொல்லலாம்’ என்றே விடையிறுப்பார். அந்த விடை வாக்கியத்தைப் பற்றிய தீர்ப்பாக இராது. தொலைவிலிருந்து வந்தவரின் மனம் நோகக்கூடாது என்ற பரிவாக இருக்கும். ஆகவே விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கலாகாது; அவர் தாமாகச் சொல்லும்படி கேட்க வேண்டும். பதினொரு கடைக்காரர்களும் பொய் சொன்னார்கள் என்று கொள்வதற்கில்லை. பொய்யாயினும் மெய்யாயினும் ஒரே விடையைத் தரும் கேள்வியை அவள் கேட்டிருந்தாள்.

அடுத்த வாரம் கேள்வி மாறியது. சேவெள்ளாப் பக்கத்திலிருந்து கத்தரியும் கீரையும் கொண்டுவரும் ஒரு மூதாட்டியின் முன் அமர்ந்து, “அவ்வா, இதற்கு எத்தனை தரம் மருந்து அடித்தீர்கள்?” என்று தெலுங்கில் கேட்டாள். பூச்சிக்கொல்லிக்குத் தெலுங்கிலும் ‘மந்து’, அதாவது மருந்து, என்றே பெயர். மூதாட்டி தயங்கவே இல்லை. “கத்தரிக்கு அடிக்காமல் முடியுமா, பிட்டா? தண்டிலும் காயிலும் புழு துளைக்கிறது. மூன்று தரம் அடித்தோம். கீரைக்கும் கொத்துமல்லிக்கும் ஒன்றும் இல்லை; எருதான்.” முந்தைய வாரம் இதே வாய்தான் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்றது.

அன்றிலிருந்து அவளுடைய கேள்விகள் நான்கு: எந்த ஊரில் விளைந்தது? எப்போது பறித்தது? கடைசியாக எப்போது மருந்து அடித்தது? உங்கள் வீட்டுச் சமையலுக்கு இதிலிருந்தே எடுக்கிறீர்களா? இவற்றுள் எதற்கும் ‘ஆம்’ என்ற ஒரு சொல் போதாது. நான்காவதற்கும் விற்பவர் காரணம் சேர்த்தே பேசுவார்.

இக்கேள்விகள் வேறொரு குழப்பத்தையும் தீர்த்தன. நல்ல காய்கறி என்று நாம் பொதுவாகச் சொல்லுவதற்குள் மூன்று வெவ்வேறு பண்புகள் கலந்துகிடக்கின்றன. தெலுங்கில் ‘நாட்டு’ என்பது, தமிழில் போலவே, இரகத்தைக் குறிக்கும் சொல். நாட்டுத் தக்காளிக்கும் இரசாயன உரம் இடலாம். ஒட்டு இரகத்தையும் எருவிட்டு வளர்க்கலாம். ‘உள்ளூர்’ என்பது தொலைவைக் குறிப்பது. உழவர் சந்தையிலேயே உருளைக்கிழங்கு ஆக்ராவிலிருந்தும் வெங்காயம் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருவதுண்டு. ‘இயற்கை விளைச்சல்’ என்பது சாகுபடி முறையைக் குறிப்பது. ஒன்றைக் கேட்டுவிட்டு மற்ற இரண்டும் கிடைத்ததாக எண்ணிக்கொள்வது வாங்குபவரின் பிழை. கத்தரிக்காயில் புழுத்துளை இருப்பதும் சான்றாகாது. மருந்துக்குப் பிழைத்த புழுவும் துளைக்கும்.

சான்றிதழ் வீண் என்பது இதன் பொருளன்று. பொட்டலத்தில் வரும் பருப்புக்கும் அரிசிக்கும் விளைவித்தவரைத் தேடிப்போய்க் கேட்க இயலாது; அங்கே ‘ஜைவிக் பாரத்’ முத்திரையே துணை. அதன் பின்னால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வெளி நிறுவனம் ஒன்று சோதித்துச் சான்றளிப்பது. மற்றொன்று பி.ஜி.எஸ். இந்தியா என்னும் முறை. அதில் ஓர் உழவர் குழுவினர் ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிட்டு உறுதி சொல்லுகின்றனர். ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்று இருந்தால், நிலம் இன்னும் மாறும் நிலையில் உள்ளது என்று பொருள். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, தாம் விளைவித்ததை நுகர்வோருக்கு நேராக விற்கும் சிறு உழவருக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. எனவே தரைவிரிப்பில் குவித்த கீரையின்மேல் முத்திரை இல்லாதது குறையன்று. முத்திரை இல்லாத இடத்தில் பேச்சே சான்று. பேச்சு சான்றாக வேண்டுமானால் கேள்வி நேராக இருக்க வேண்டும்.

காலம் செல்லச் செல்ல அவளுக்கு ஒரு முறை படிந்தது. மாதம் ஒரு தடவை பருப்பும் தானியமும்: விகாராபாத் மாவட்டத்துத் தாண்டூர் துவரை (2022இல் புவிசார் குறியீடு பெற்றது), சோளம், வேர்க்கடலை. வாரம் ஒரு தடவை, புதன்கிழமை காலை ஏழு மணிக்குச் சந்தை. கீரை வகையில் இரண்டு கட்டுகள் மட்டும். அவை முதல் இரண்டு நாள்களுக்கு. பிறகு வெண்டையும் பீர்க்கையும். வாரக் கடைசிக்குப் பூசணியும் சேனையும். முன்கூட்டிப் பட்டியல் எழுதுவதில்லை. ‘ஒரு கீரை, ஒரு கொடிக்காய், ஒரு கிழங்கு’ என்ற வாய்பாடு மட்டும் உண்டு. அன்று எது மலிந்து கிடக்கிறதோ அதுவே பருவத்துக் காய். மூவருக்கும் சேர்த்து ஒருத்தி வாங்குவதால் பேருந்துச் செலவும் நேரமும் மூன்றில் ஒன்றாயின. சந்தையில் செலவாவது ஐம்பது நிமிடம். அவளுடைய பங்கு மாதம் 1,500 ரூபாயைத் தாண்டுவதில்லை. குப்பைக்குப் போவது கீரைத்தண்டின் அடிக்கட்டை மட்டுமே.

ஐந்து மாதங்களுக்குப் பின் ஹீமோகுளோபின் 11.6 ஆயிற்று. அது கீரையின் வெற்றி என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையும் தவறாமல் விழுங்கியவள் அப்படிச் சொல்வது முறையாகாது. எனினும் சந்தை அவளுக்கு வேறொன்றைத் தந்தது.

கார்த்திகை மாதத்து ஒரு புதன்கிழமை. கத்தரிக்காய் கருநீலமாய்ப் பளபளத்தது. அவள் அரைக் கிலோ என்று கேட்டுக் கையை நீட்டியபோது, மூதாட்டி தராசை எடுக்கவில்லை. “இன்று இது வேண்டாம், பிட்டா. முந்தாநாள்தான் மருந்து அடித்தான் என் மகன். அடுத்த வாரம் வா.”

அவள் அன்று தண்டுக்கீரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.