பேர் தப்பாமல் பாடணும்

செத்தவருக்குப் பிள்ளைகள் எத்தனை, மூத்த மருமகன் எந்த ஊர், வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை? சாவு வீட்டுப் பாட்டை எழுத உட்காரும் முன் வடசென்னைக் கானா பாடகர் ஒருவர் இவ்வளவையும் விசாரித்துக்கொள்கிறார். கடைசிக் கேள்விதான் வில்லங்கம். பேசாத தம்பியின் பெயரை விட்டாலும் சண்டை, சேர்த்தாலும் சண்டை. "பேரு தப்பா வுட்டா அவ்ளோதான் சார், மைக்கப் புடுங்கிடுவாங்க" என்றார். ராயபுரத்துக்காரர். பகலில் குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டி ஓட்டுகிறார், ராத்திரியில் பாடுகிறார். பாடுகிற பாட்டெல்லாம் அவரே கட்டியது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டை மாடி. மீன் ஏலமெல்லாம் விடிகாலையோடு முடிந்துவிட்டதால் பிற்பகலில் ஒத்திகைக்குக் கூடியிருந்தார்கள். டோலக், சட்டி, டேப், கீபோர்டு, இரண்டு கோரஸ் பையன்கள். டோலக்காரர் சின்ன ஸ்பேனரை வைத்து போல்ட்டை முறுக்கி முறுக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சாலையில் கன்டெய்னர் லாரிகள் சென்னைத் துறைமுகத்தை நோக்கி வரிசை கட்டி நின்றன. ஹாரன் சத்தத்தில் எப்படிப் பாடுகிறீர்கள் என்று கேட்டேன். "அதான் சார் எங்க தம்புரா" என்றார் பாட்டுக்காரர்.

மறுநாள் இரவு ஒரு பதினாறாம் நாள் படத்திறப்பு. இறந்தவர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கியவர். சாவு நடந்த இரவில் பாடுவது வேறு, படத்திறப்பில் பாடுவது வேறு. முன்னதில் பிணம் நடுவீட்டில் இருக்கும், பாட்டு இழுத்து இழுத்துப் போகும், வாத்தியம் அடங்கி ஒலிக்கும், விடியும்வரை அழுகையும் தத்துவமும்தான். பதினாறாம் நாளுக்குள் வீடு கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும், அன்றைக்குச் சிரிக்கவும் வைக்க வேண்டும்.

பாட்டு கட்டப்படுவதை நேரில் பார்த்தேன். முதலில் சொல் கிடையாது. பழைய மெட்டு ஒன்றை எடுத்து வெறும் தன்னானாவாக நாலு முறை பாடுகிறார். பெரும்பாலும் ஆறு தட்டுச் சுற்று. அது டோலக்கில் நின்ற பிறகுதான் சொல் வருகிறது. எதுகை அவருக்குத் தானாக வந்து விழுகிறது.

ஐஸு பெட்டி தூக்குனவரு ஆடாமப் படுத்துட்டாரு
பைசா கடன் வெக்காமத்தான் பாடையில ஏறிட்டாரு

இரண்டாவது அடி முடிவதற்குள் சட்டி அடிப்பவர் கையை நிறுத்திவிட்டார். "இன்னாபா நீ, டீக்கடையில அக்கவுண்ட் இருக்குது. கடக்காரரு மொத வரிசையில குந்தினு இருப்பாரு." எல்லோரும் சிரித்தார்கள். பாட்டுக்காரர் சிரிக்கவில்லை, கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தார். பிறகு பாடினார்.

பைசல் பண்ணாத டீக்கட பாக்கிய பசங்க தலையில வுட்டுட்டாரு

முன்னதைவிட இது எவ்வளவோ நல்ல வரி. முன்னதில் யாருக்கும் பொருந்துகிற ஒரு நல்ல மனிதர் இருந்தார், இதில் அவர் இருக்கிறார். மறுநாள் ராத்திரி இந்த அடி வந்தபோது பந்தலே டீக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்து வந்து பாட்டுக்காரரின் சட்டையில் ரூபாய் நோட்டு ஒன்றைக் குத்தினார். பாக்கி தள்ளுபடியா என்று யாரோ கத்த, மூத்த மகன் அழுதுகொண்டே சிரித்தான்.

கானா என்றதும் வெளியார் தாளத்தைத்தான் நினைக்கிறார்கள். அதற்குச் சினிமாவும் ஒரு காரணம். 1990களில் தேவா இசையில் கானா ஊரெங்கும் போனது. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் தானே திரையில் வந்து பாடினார். 2012இல் 'அட்டகத்தி' வழியாக, சட்டம் படித்த கானா பாலா வீட்டுக்கு வீடு தெரிந்த குரலானார். இவர்கள் போனதால் பலருக்கு வழி திறந்தது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சினிமாவுக்குப் போன கானாவில் செத்தவர் பெயர் இருக்காது. ஐஸ் பெட்டி தூக்கியவருக்கு நாளிதழில் இரங்கல் வராது. அவர் வாழ்க்கையை விசாரித்து, சரிபார்த்து, நாலு பேர் முன்னால் சொல்வது இந்தப் பாட்டு ஒன்றுதான். இந்த விசாரிப்புதான் கானாவின் உயிர் என்று நினைக்கிறேன். தாளத்தை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

நிலையாமையைப் பாடுவது இந்த வடசென்னைக் கரைக்குப் புதிதும் அல்ல. பட்டினத்தார் அடங்கிய இடம் திருவொற்றியூர்க் கடற்கரை. சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு 1838இல் மறைந்து அடக்கமானது ராயபுரம் பக்கம். தொண்டியிலிருந்து வந்த அவரை வைத்தே தண்டையார்பேட்டைக்குப் பெயர் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். நம் பாட்டுக்காரர் மஸ்தான் சாகிபு பாட்டைப் புத்தகத்தில் படித்தவர் இல்லை. சாவு வீட்டில் பெரியவர்கள் பாடக் கேட்டு, ஆள் பெயர் தெரியாமலே பிடித்துக்கொண்டவர்.

சாவு வீட்டில் பெண்கள் பாடுவதில்லையா என்று கேட்டேன். ஒப்பாரி வைப்பார்கள், மைக் பிடிக்க மாட்டார்கள் என்றார் கோரஸ் பையன். உடனே அவனே, "இசைவாணி அக்கா இருக்காங்களே" என்றான். அதே ராயபுரத்தில் வளர்ந்தவர். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானா பாடிய பெண் அவர். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அந்தக் குழு முதன்முதலாக மேடையேறியபோது, சாவு ஊர்வலத்தில் அடிக்கிற சட்டியும் கட்ட மோளமும் கிதாருக்குப் பக்கத்தில் நின்றன. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணி பெயர் வந்தது. அதற்குப் பிறகும் சாவு வீட்டு மேடையில் பெண் குரல் அபூர்வமாகவே இருக்கிறது. யூடியூபில் பார்வை அள்ளுகிற சில கானாக்கள் காதலை மறுத்த பெண்ணைத் திட்டுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்வதில்லை. அதைப் பாட்டுக்காரரிடமே சொன்னேன். "எழுதத் தெரியாதவன் திட்டுவான்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

டேப் அடிப்பவர் எண்ணூர் மீனவக் குப்பத்துக்காரர். அவர் எழுதிய பாட்டொன்று இருக்கிறது. கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்த தன் அம்மாவைப் பற்றியது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு எதிரே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் இருட்டில் ஓடினார்கள். அனல் மின் நிலையச் சாம்பலோ வருடக்கணக்காகப் படிந்துகொண்டிருக்கிறது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' 2017இல் கழிமுகம் பாழாவதை வெளியுலகத்துக்குச் சொன்னது. கபேர் வாசுகி எழுதியது, நல்ல பாட்டு. டேப்காரர் பாட்டில் புறம்போக்கு, சூழலியல் என்ற பேச்சே இல்லை. அம்மாவின் கைவிரல் இடுக்கில் எண்ணெய் போகவில்லை, அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை என்று மட்டும் வருகிறது. அவர் அதை மேடையில் பாடுவதில்லை. "சோகமா கீது, ஆட முடியாதுன்றாங்க சார்."

கிளம்பும் முன் பாட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து நோட்டுகளை எடுத்துக் காட்டினார். பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டுகள். பக்கத்துக்கு ஒரு செத்தவர். மேலே பெயர், கீழே மக்கள், மருமக்கள், பார்த்த வேலை, பிறகு பாட்டு. லாரி கிளீனர், பின்னி மில்லில் வேலை பார்த்த தாத்தா, மீன் கூடை சுமந்த ஆயா, கிரேன் ஓட்டியவர். இரண்டு நோட்டு வெள்ளத்தில் ஊறி மை கரைந்துவிட்டது. புதிய பாட்டுகளைப் போனிலேயே எழுதுகிறார், போன் மாறும்போது அதுவும் போய்விடுகிறது.

வடசென்னைக்கு ஆய்வுக்கென்று வருகிற நாட்டாரியல் மாணவர்களே, மேடைக் கச்சேரியை வீடியோ எடுப்பதோடு திரும்பிவிடாதீர்கள். இந்த நோட்டுகளைக் கேளுங்கள். அந்தந்த வீட்டாரின் சம்மதத்தோடு படி எடுங்கள், ஒரு படியைப் பாடியவருக்குக் கொடுங்கள், அசலை அவரிடமே விட்டுவிடுங்கள். அடுத்த மழைக்குள் செய்ய வேண்டிய வேலை இது.