பித்தளைக்குத் தீட்டு இல்லை

டெக்சாஸில் துப்பாக்கி சுட்டுப் பழகும் மைதானம் ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். அக்கா மனுப்போட்டு கிரீன் கார்டில் வந்தவன். சுட்டுத் தள்ளிய காலித் தோட்டாக்களைப் பொறுக்கி, சுத்தம் பண்ணிக் கொடுக்கிறதுதான் வேலை. இங்கே பித்தளைக் கூட்டைக் குப்பையில் போட மாட்டார்கள். தோட்டாவில் விலை கூடின சாமான் அதுதான். குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கூடு மிஞ்சும். பிரைமரை மாற்றி, மருந்தும் குண்டும் புதுசாக வைத்து ஒரே கூட்டைப் பல தடவை சுடுவார்கள்.

முதலில் ரகம் பிரிக்கணும். 9 எம்.எம். தனி, .223 தனி, .308 தனி. .22 கூடு எடைக்குத்தான் போகும். அதில் பற்றவைக்கிற மருந்து விளிம்புக்குள்ளேயே இருப்பதால் மாற்ற வழியில்லை. வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பழைய பிரைமரை ஊசியால் தட்டி எடுத்து, எவர்சில்வர் கம்பித் துணுக்குகளோடு டிரம்மில் போடுவேன். தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப்பு, கொஞ்சம் சிட்ரிக் அமிலம். இரண்டு மூன்று மணி நேரம் உருண்டால் உள்ளே இருக்கிற கரியும் போய்விடும். அலசி நன்றாகக் காயவைக்கணும். ஈரம் இருந்தால் மருந்து கெட்டுப்போகும். பளபளப்பு கண்ணுக்குத்தான். மண் இருந்தால் அச்சைக் கீறும், கரி இருந்தால் வெடிப்பை மறைக்கும். அதுக்குத்தான் இவ்வளவு பாடு.

எங்க அம்மாச்சிக்கு சிட்ரிக் அமிலம் தெரியாது. புளி தெரியும். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊரில் பெரிய வீட்டில் கல்யாணம் என்றால் அண்டா, தாம்பாளம், குத்துவிளக்கு எல்லாம் கொல்லைக்கு வந்துவிடும். புளியும் செங்கல்பொடியும் தேங்காய்நாரும் வைத்து அம்மாச்சி தேய்க்கும். விரல் நுனியெல்லாம் புண்ணாகிவிடும். தேய்த்ததைக் கல்லில் கவிழ்த்துவிட்டுத் தள்ளி நிற்கணும். வீட்டுக்காரம்மா வந்து, தண்ணி தெளிச்சு, உள்ளே எடுத்துட்டுப் போவாங்க. "அழுக்க எடுத்தவளும் நாந்தான், அழுக்கும் நாந்தானாம்" என்று அம்மாச்சி சொல்லும். கூலி கஞ்சி. அதுவும் நாங்கள் கொண்டுபோன மண்சட்டியில்.

மண்சட்டி எங்கள் ஏழ்மையால் மட்டும் வந்ததில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டதை ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். சட்டை போடாதே, குடை பிடிக்காதே, பெண்கள் பூ வைக்காதே என்ற வரிசையில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வீட்டில் புழங்காதே என்பதும் ஒன்று. அப்போது அம்மாச்சிக்கு ஐந்தாறு வயசு இருந்திருக்கும். 1935 நவம்பரில் குஜராத்தில் அகமதாபாத் மாவட்டத்து ஜானு கிராமத்தில் உலோகக் குடத்தில் தண்ணி எடுத்த தீண்டப்படாத பெண்களை அடித்தார்கள். 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதைச் சொல்கிறார். மனுவைப் புரட்டினால் மூலம் கிடைக்கும். செம்பையும் பித்தளையையும் சாம்பல், புளிப்பு, தண்ணீரால் சுத்தமாக்கலாம் என்கிறது ஐந்தாம் அத்தியாயம். சண்டாளனுக்கு உடைந்த பாத்திரம் என்கிறது பத்தாம் அத்தியாயம். பித்தளைக்குப் பரிகாரம் உண்டு, மனுசனுக்குக் கிடையாது.

சொம்புக்கும் தோட்டாவுக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. 1857 ஜனவரியில் கல்கத்தா பக்கம் தம்தம் ஆயுதக் கிடங்கில் ஒரு தொழிலாளி பார்ப்பனச் சிப்பாயிடம் சொம்பில் தண்ணி கேட்டான். சாதியைச் சொல்லி மறுத்தான் சிப்பாய். "மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப் போறியே, அப்ப உன் சாதி எங்கே போகும்?" என்கிற மாதிரி அவன் திருப்பிக் கேட்டதை ராணுவ அதிகாரி ஒருவர் மேலிடத்துக்கு எழுதினார். அது காகிதத் தோட்டாக் காலம், பல்லால்தான் கடித்துக் கிழிக்கணும். வட இந்தியத் தலித் மக்கள் அந்தத் தொழிலாளியை மாதாதீன் என்று கொண்டாடுகிறார்கள். வரலாற்றுப் பாடத்தில் எனக்குக் கொழுப்பைச் சொன்னார்கள், தண்ணி கேட்டவனைச் சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொன்னார்: கையுறை இல்லாமல் தொடாதே, இங்கே எதையும் தின்னாதே, கழுவாமல் வீட்டுக்குப் போகாதே. பிரைமர் வெடித்த கரியில் ஈயம் இருக்கிறது. அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. காரணம் சொல்லி ஒருத்தர் என்னிடம் "தொடாதே" என்றது அதுதான் முதல் தடவை. அந்த விதி முதலாளிக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

வாடிக்கையாக வருகிற ஒரு தமிழர் இருக்கிறார். போன வருசம் ஊர் கேட்டார், சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். "காலனி" என்றேன். அடுத்த வாரத்திலிருந்து வாளியைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். கழுவினதை நீட்டினால், "அங்க வைங்க" என்கிறார். கரி பிடித்த கூட்டை வெறுங்கையால் பொறுக்குகிறவர் அவர். ஈயத்துக்குப் பயமில்லை. நான் கழுவித் தந்த கூட்டுக்குத்தான் பயம்.

2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே வருசம் அக்டோபரில் கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் மறுத்துவிட்டார். இருக்கிற சட்டமே போதும் என்றார். வாளியைத் தரையில் வைப்பதை எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று கேட்பார்கள். ராமநாதபுரத்தில் பூவையும் குடையையும் சட்டியையும் ஒன்றுவிடாமல் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தடையை அவ்வளவு நுணுக்கமாகப் போட முடிந்தால், உரிமையையும் அவ்வளவு நுணுக்கமாகக் கேட்க வேண்டியதுதான்.

இப்போதெல்லாம் அவர் வந்தால் நான் வாளியைக் கீழே வைப்பதில்லை. "கையில வாங்கிக்கங்க சார்" என்று நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் வாங்குகிற வரைக்கும் நிற்பேன். எனக்கு மணிக்கணக்கில் கூலி.