மாமா வாங்கி வந்த டப்பா

கேமரா என்றதும் முழ நீள லென்ஸ் மாட்டிய கல்யாண போட்டோகிராபரை நினைத்துக் கொள்ளாதீர்கள். நான் சொல்லப் போவது எங்கள் வீட்டு டப்பாவைப் பற்றி. கேனான் பவர்ஷாட் ஏ470. 2008-ல் சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, "இருக்கறதுலயே விலை கம்மி இதான்" என்று சொல்லியே கொடுத்தார். 7.1 மெகாபிக்சல், இரண்டு பென்சில் பேட்டரி. அவ்வளவுதான்.

அது பட்ட பாடு இருக்கிறதே! நானே மூன்று தடவை கீழே போட்டிருக்கிறேன். ஒரு தடவை மாடிப்படியில் உருண்டு, பேட்டரி மூடியின் கொக்கி உடைந்தது. ரப்பர் பேண்ட் போட்டோம், ஓடியது. வீட்டுக்குச் செல்போன் வந்ததும் கேமராவை யாரும் சீண்டவில்லை. ஆயாதான் எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டது.

போன வருடம் ஆயா போய்விட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் என் செல்போனில் பேட்டரி உப்பி, போர்டும் போய், ஆயா படங்கள் அத்தனையும் போயிருந்தன. காப்பி எடுத்து வைக்காதது என் மடத்தனம். காரியத்தன்று பெட்டியைத் திறந்தால், புடவைக்கு அடியில் டப்பா! ஆசையாய் மூடியைத் திறந்தேன். பேட்டரி ஒழுகி, ஸ்பிரிங் முழுக்க வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தது. "தூக்கிப் போடுடா" என்றார் அப்பா.

'படம் கார்டுலதானே இருக்கும், ரீடர்ல போட வேண்டியதுதானே' என்று கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் பசங்க கேட்பீர்கள். சரிதான். ஆனால் அம்மாவுக்கு அந்த டப்பாவிலேயே பார்க்க வேண்டும்.

ஸ்குருடிரைவரோடு லேபுக்குப் போனேன். லேப் அண்ணன் பதறிவிட்டார். "டேய், பிரிக்காத! உள்ள ஃபிளாஷ் கெபாசிட்டர் இருக்கு. பேட்டரியக் கழட்டினாலும் முந்நூறு வோல்ட் கிட்ட நிக்கும்."

ஒழுகியது ஆல்கலைன், அதாவது காரம். அமிலம் பட்டால் அடங்கும். முதல் வருட கெமிஸ்ட்ரி எனக்கு உதவியது அன்றுதான்! ஃபாஸ்ட் ஃபுட் கடையில் ஒரு மூடி வினிகர் வாங்கி, பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். நன்றாகக் காயவிட்டு, புது பேட்டரி போட்டு, ரப்பர் பேண்டை மாட்டி அமுக்கினால்... 'ர்ர்ர்' என்று லென்ஸ் வெளியே வருகிறது! செல்போனின் லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் கிழடாகிவிடும். இதற்குப் பெட்டிக்கடை பேட்டரி போதும்.

தேதி மட்டும் அதற்கு மறந்து போயிருந்தது. சின்ன ஸ்கிரீனில் 2011-ல் எடுத்த படம். ஆயா பொக்கை வாயோடு சிரிக்கிறது, மடியில் அரை டிராயரோடு நான். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பெருசு பண்ணுடா" என்றாள்.

இந்த வருட டூருக்கு அதைத்தான் கொண்டு வரப் போகிறேன். கிண்டல் பண்ணுகிறவர்கள் தாராளமாகப் பண்ணலாம். வரும்போது ஆளுக்கு இரண்டு பென்சில் பேட்டரி வாங்கி வாருங்கள். ஒழுகாததாகப் பார்த்து!