ஞாபகத்துக்கு ஒரு கார்டு

ஞாபகத்தை விலை கொடுத்து வாங்க முடியுமா என்று கேட்டால், ஒரு காலத்தில் வல்லாரை லேகியம் விற்பவர் ஒருவர்தான் ‘முடியும்’ என்று சொல்லியிருப்பார். இப்போது கம்ப்யூட்டர் கடைக்காரர்களும் அவரோடு சேர்ந்துகொண்டுவிட்டார்கள். நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11, கனம் 1. எடை அரைக் கிராம்கூடத் தேறாது. கை தவறி விழுந்தால் மூக்குத்தித் திருகாணியைத் தேடுகிற மாதிரி தரையைத் தடவித் தேட வேண்டும். அதுதான் மைக்ரோ எஸ்.டி. மெமரி கார்டு.

காமிரா வாங்குவதற்கு முன்னால் பத்துப் பேரிடம் அபிப்பிராயம் கேட்கிறோம். கார்டை மட்டும், காய்கறியோடு கொசுறாகக் கறிவேப்பிலை கேட்பது போல, “அப்படியே ஒரு கார்டும் போட்டுடுங்க” என்று சொல்லி வாங்கிவிடுகிறோம். அந்தக் கொசுறைப் பற்றித்தான், சகோதரிகளே, இன்று உங்களோடு கொஞ்சம் பேசப் போகிறேன்.

என் அத்தை இருப்பது வத்திராயிருப்புப் பக்கத்தில் மகாராஜபுரத்தில். சதுரகிரி மலையடிவாரமான தாணிப்பாறைக்குப் போகிறவர்களுக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். அத்தை வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு மலையேறி, சுந்தரமகாலிங்கத்தைத் தரிசித்துவிட்டு வந்தவள். நாலு வருஷமாக முழங்கால் இடம் கொடுக்கவில்லை. தெரு முனைக்கு வந்தால் மலை கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத்தான் எட்டவில்லை. அவளுக்காக அவள் பேரன் ஓர் ஆக்‌ஷன் காமிரா வாங்கினான். மார்பில் பட்டை போட்டு மாட்டிக்கொள்ளும் சின்னக் காமிரா.

“கையிலே போன் இருக்கும்போது இது எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம்தான். ஆனால் அந்த மலைப் பாதையில் பாறையைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. ஓடைகளைக் கடக்க வேண்டும். 2015-ஆம் வருஷம் மே மாதத்தில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள். இரண்டு கையும் சும்மா இருந்தாக வேண்டிய இடம் அது. ஆக்‌ஷன் காமிராக்களைப் பிரபலமாக்கிய நிக் உட்மன் என்ற அமெரிக்கருக்கும் இந்த யோசனை கடலில் அலைச் சறுக்கு விளையாடும்போதுதான் பிறந்தது. 2004-இல் அவர் விற்ற முதல் காமிராவில் கார்டே கிடையாது. பழைய ஃபிலிம் சுருள்தான்!

பேரன் போன வருஷம் மலையேறி இறங்கினான். வீட்டுக் கூடத்தில் எல்லோரும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தோம். தாணிப்பாறை வந்தது. வழுக்குப்பாறை வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. படங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன, ஒன்றும் திறக்கவில்லை. அத்தை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஏன்டா, மலை அத்தோட முடிஞ்சு போச்சா?” என்றாள். பையன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

காரணம் கார்டுதான். ஒரு டெராபைட், அதாவது 1,000 ஜிகாபைட் கொள்ளும் என்று சொல்லி, நடைபாதைக் கடை ஒன்றில் ஐந்நூறு ரூபாய்க்குத் தந்திருக்கிறார்கள். அதன் உண்மையான கொள்ளளவு 32 ஜிகாபைட்தான். இம்மாதிரிப் போலிக் கார்டு காமிராவிடம் கூசாமல் பொய் சொல்லும். நிரம்பிய பிறகும் ‘இன்னும் இடம் இருக்கிறது’ என்று வாங்கிக்கொண்டே இருக்கும்; வாங்கியதை வைத்துக்கொள்ளாது. அடி உடைந்த குடம் மாதிரி!

ஆகவே முதல் விஷயம்: நம்பகமான கடை, ரசீது, உத்தரவாதம். வீட்டுக்கு வந்ததும் கார்டு முழுவதையும் ஒரு தடவை நிரப்பி, திரும்பப் படித்துப் பாருங்கள். இதற்கென்றே கம்ப்யூட்டரில் ‘எஃப்-3’ போன்ற இலவசப் புரோகிராம்கள் உண்டு. 64 ஜிகாபைட் கார்டு கம்ப்யூட்டரில் 59 என்று காட்டினால் மட்டும் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. வேறு மோசம் இல்லை.

இரண்டாவது, வேகம். பத்திரிகைக்காரியான எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. மேடையில் பேசுகிறவர் நமக்காக நிற்க மாட்டார். குறிப்பெடுக்கிற நிருபர் கை ஓயாமல் எழுத வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் பறந்து பறந்து எழுதிவிட்டு அப்புறம் தூங்கி வழிந்தால் பிரயோஜனம் இல்லை. காமிரா பேச்சாளர், கார்டு நிருபர். கார்டு பின்தங்கினால் படப்பதிவு நடுவிலே நின்றுவிடும்.

பாக்கெட்டின் மேல் கொட்டை எழுத்தில் 100, 150 என்று போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கிற வேகம். நமக்கு வேண்டியது எழுதுகிற வேகம், அதுவும் குறைந்தபட்ச வேகம். ஆங்கில ‘யு’ எழுத்தின் வயிற்றுக்குள் 3 என்ற எண், அல்லது ‘வி30’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். விநாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்று அதற்கு அர்த்தம். நல்ல 4கே படம் விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் வரும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆக 12.5 மெகாபைட். ‘யு’வுக்குள் 1 இருந்தால் 10 மெகாபைட்டுக்குத்தான் உத்தரவாதம், போதாது. ‘வி30’ தாராளமாகப் போதும். ‘வி90’ வாங்கச் சொன்னால், நம் வேலைக்கு அது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பது மாதிரி. ‘ஏ1’, ‘ஏ2’ என்ற குறிகள் போன் செயலிகளுக்காக ஏற்பட்டவை; அவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். காமிரா கம்பெனி சிபாரிசு செய்யும் கார்டுகளின் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, கொள்ளளவு. மேலே சொன்ன கணக்குப்படி ஒரு மணி நேரப் படத்துக்கு 45 ஜிகாபைட் வேண்டும். 128 ஜிகாபைட் கார்டில் இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கலாம். அதற்குள் பாட்டரியை ஒரு தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும். ஒரே பெரிய கார்டைவிட, நடுத்தரமாக இரண்டு இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். வீட்டு நகையை எல்லாம் ஒரே பையில் போட்டுக்கொண்டு யாராவது ரயில் ஏறுவார்களா?

இந்த வருஷம் பையன் அப்படித்தான் இரண்டு கார்டுகளோடு போனான். கிளம்புவதற்கு முந்தின நாள், “சித்தி, நிரப்பிப் பார்த்தாச்சு” என்று எனக்குப் போன் செய்தான். வழுக்குப்பாறைக்கு அப்பால் இருந்த மலையும் வந்துவிட்டது. கோரக்கர் குகை வந்தபோது அத்தை, “நிறுத்து, நிறுத்து!” என்றாள். மாமா கடைசியாக அவளோடு வந்த வருஷம் இருவரும் அங்கேதான் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டார்களாம். “அந்தக் கல்லு அப்படியே இருக்கு” என்றாள். அப்புறம் நெடுநேரம் யாரும் டெலிவிஷனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியாக ஒன்று. கார்டு என்பது பூப்பறிக்கிற கூடை; பூவைக் கூடையிலேயே விட்டுவைக்கலாகாது. ஊர் திரும்பிய அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, தனியாக வேறோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்து, இரண்டும் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் காமிராவிலேயே கார்டை ‘ஃபார்மட்’ செய்ய வேண்டும். அது சிலேட்டைத் துடைப்பது போல எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஆகையால் வீட்டில் யாராவது அந்தப் பொத்தானை அழுத்தப் போனால், “பிரதி எடுத்தாச்சா?” என்று ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்!