கிணற்றடிக் கணக்கு

எமது இளமைப் பராயத்திலே பெரியம்மா ஒருவர் எம்முடன் வாழ்ந்து வந்தார். விடியுமுன் கிணற்றடிக்குச் சென்றாராயின் வெயிலேறிய பின்னரே மீள்வார். கைகளைத் தேய்ப்பார், வாளித் தண்ணீரை ஊற்றுவார், உதடசைய எண்ணுவார். இருபத்தொன்று நிறையுமுன் எவரேனும் குறுக்கே பேசிவிட்டால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார். "அவளைப் போல ஆசாரமான பிள்ளை இந்தக் குறிச்சியிலை இல்லை" என்று ஆச்சி அயலவர்க்குப் பெருமையாகச் சொல்லுவார். சிறுவராகிய நாமோ அதனை விளையாட்டாக்கினோம். வேலிக்குப் பின்னால் ஒளித்திருந்து, அவர் பதினேழை எட்டும் வேளையில் "ஒன்பது!" என்று உரத்துக் கூவுவோம். அவர் ஏசியதில்லை. வாளியை மறுபடியும் கிணற்றில் இறக்குவார்.

அவர் எமக்கு ஒருநாளேனும் சோறு குழைத்துத் தந்ததில்லை. எம்மீது பிரியமில்லாதவர் என்றே கருதியிருந்தோம்.

1990 ஆம் ஆண்டிலே பொருளாதாரத் தடை வந்தது. யாழ்ப்பாணத்திலே சவர்க்காரம் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. பனம்பழத்தைக் கொண்டு உடுப்புத் தோய்த்த நாள்களை எம் தலைமுறையினர் மறந்திரார். பெரியம்மா சாம்பலை எடுத்துக்கொண்டார். கைகள் வெடித்தன. ஒரு மாலை அவர் கிணற்றுக் கட்டில் அமர்ந்து தம் விரல்களையே பார்த்திருந்தபோது, "கை அழுக்கோ, பெரியம்மா?" என்று கேட்டோம்.

"அழுக்கில்லையடா தம்பி. இந்தக் கையாலை சோறு தந்தால் பிள்ளையளுக்கு ஏதும் வந்திடுமோ எண்டு ஒரு நினைப்பு. நான் கூப்பிடாமலே வருகுது. கழுவினால் கொஞ்ச நேரம் போகும். பிறகும் வரும்."

பின்னாளில் உளவியல் நூல்கள் சிலவற்றைக் கற்றபோதுதான், அறிஞர் பிரித்துக் காட்டும் இரண்டினையும் பெரியம்மா அன்றே பிரித்துக் காட்டிவிட்டார் என்பது எமக்குப் புலனாயிற்று. கூப்பிடாமல் வருவது பீடிப்பெண்ணம். அதனைப் போக்குவதற்கென்று செய்வது கட்டாயச் செய்கை. துடுப்பாட்டப் பைத்தியம், சினிமாப் பைத்தியம் என்று நாம் சொல்வன இவற்றுட் சேரா. அவை விரும்பி வளர்ப்பவை. இதுவோ, உடையவரே அஞ்சி வெறுக்கும் எண்ணம். அன்புள்ளவரிடத்தே தீங்கின் நினைப்பாகவும், பக்தரிடத்தே தெய்வ நிந்தனையாகவும் அது வருவதுண்டு.

எண்ணம் மனத்தது, செய்கை உடலது என்று பிரிப்பதும் பொருந்தாது. எவருமறியாமல் மனத்துக்குள்ளே எண்ணுவதும், ஒரே வேண்டுதலைப் பன்முறை உருப்போடுவதும் செய்கையே. தானாக வருவது எது, அதனைத் தணிக்க நாம் செய்வது எது என்று கேட்டாற் போதும். செய்கையினாற் கிடைக்கும் ஆறுதல், கடனுக்கு வட்டி கட்டுவது போன்றது. அன்றைக்குக் கடன்காரன் படலையை விட்டு அகலுவான், முதல் குறைவதில்லை. "ஒண்டும் வராதடி" என்று அம்மா நாடோறும் பத்துமுறை தேற்றியதும் அந்த வட்டியின் ஒரு பங்கே என்பதை அந்நாளில் எவர் அறிந்தார்!

1978 ஆம் ஆண்டிலே இலண்டனில் ராக்மன் என்பாரும், இலங்கையரான பத்மால் டி சில்வாவும் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு. நோயில்லாத மக்களுள்ளும் பெரும்பாலானோர்க்கு இத்தகைய எண்ணங்கள் வந்துபோகின்றன என்று அது காட்டியது. மற்றவர்க்கு வந்தவாறே போவது, பெரியம்மாவுக்குப் போகாது தங்கிற்று. அதற்கு முன்னரே, 1966 இல், விக்டர் மேயர் என்னும் உளவியலறிஞர் இந்நோயாளர் சிலரை அஞ்சியதைத் தொடச் செய்து, செய்கையை மட்டும் தடுத்து, அச்சம் தானே தணியுமாறு செய்திருந்தார். இன்று அம்முறை செம்மையுற்று, நோயாளரின் சம்மதத்துடன் படிப்படியாகக் கையாளப்படுகின்றது, மருந்தும் உண்டு. எங்கள் கிணற்றடிக்கு இவற்றுள் ஒன்றும் எட்டவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, ஊரோடு ஊராகத் தென்மராட்சி நோக்கி நடந்தோம். மழை, சேறு, சன நெருக்கம். அம்மாவும் ஐயாவும் எங்கோ பின்தங்கிவிட்டனர். தங்கச்சிக்கு ஐந்து வயது, பசியால் அழுதாள். பொட்டலத்திலே சோறிருந்தது. கழுவுதற்குத் தண்ணீரில்லை. பெரியம்மா நெடுநேரம் தம் கையைப் பார்த்தார். பின்பு நடுங்கும் விரல்களாற் சோற்றைத் திரட்டி அவள் வாயில் வைத்தார். விடியும்வரை உறங்காது அவள் மூக்கினருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தார். அதுவும் ஒரு செய்கையே என்பதை இன்று அறிவோம்.

தங்கச்சிக்கு ஒன்றும் நேரவில்லை. சாவகச்சேரியில் அடைக்கலம் புகுந்த வீட்டிலே கிணறு இருந்தது. பெரியம்மா மீண்டும் எண்ணத் தொடங்கினார். நாம் வாளியைப் பற்றித் தண்ணீர் அள்ளிக் கொடுத்தோம். அதுவும் தவறென்று அப்பொழுது அறியோம். இருபத்தொன்று வரும்வரை வாய் திறவாது நின்றோம்.